குடமும் குழந்தையின் ரத்தக்குழாயும்

மகள் உண்டானது தெரிந்ததும், மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாட்களில் பிளாக்கே கீழே குழாயடியில் நிற்கும். அவள் குடம் தூக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வழக்கம்போல அவளையே தூக்கவிட்டேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் ஒன்று ஒடுங்கினாற்போல் தெரிகிறது என்றார்கள். இதயத்துக்கென்றே தனியாக ஒரு ஸ்கேன் எடுக்க இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுரங்கப் பக்கமிருந்து நிலக்கரி சுமக்கும் பெல்ட் ஓடும் ஓசை வரும். அது அவள் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அரிசி களைந்தால், தண்ணீர் வழி தேடிப் போவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மினுங்கின. படித்தவர்களிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்று ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

“நான்தாங்க இவள கொடம் தூக்க வச்சேன். அதனாலதான் ஒடுங்கிப்போச்சுங்களா?”

மகள் படுத்தபடியே திரும்பினாள். “இதத்தான் ரெண்டு வாரமா மனசுல வச்சிக்கினு இருந்தியாம்மா? ரசத்துல உப்பு போட மறந்தப்ப, வயசாயிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்.”

டாக்டரம்மா சிரித்தார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“கொடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இதயம் மொதல்ல ஒரு நேரான குழாய்தான். அப்புறம் வளைஞ்சு, மடிஞ்சு, அறை அறையா பிரியும். அதுக்கு வழி சொல்றது உள்ள இருக்கிற மரபணு. அது சொல்ற எடத்துல வளர்ச்சிக்கான ஒரு பொருள் சுரக்கும். இங்க வா, இங்க கிளை விடுன்னு கூப்பிடற மாதிரி. ரத்தக்குழாய் அந்த வாசனை புடிச்சுப் போகும். கூப்பிடறது கொறஞ்சா வழி சின்னதாயிடும். ஏன் கொறயுதுன்னு பல நேரம் எங்களுக்கே தெரியாது.”

“எப்பங்க நடக்கும் அது?”

“ரெண்டாவது மாசம் முடியறதுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும்.”

நாங்கள் மறைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவள் வரிசையில் நின்றபோதே உள்ளே ஒன்று கூப்பிட, இன்னொன்று தலை வளைத்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. எங்களில் யார் காதிலும் அது விழவில்லை.

ஒடுக்கம் இருக்கத்தான் இருந்தது. பிறந்த பிறகு ஆபரேஷன் தேவைப்படலாம், அதற்கு வசதியுள்ள ஊரிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

“இப்ப ரத்தம் போவுதுங்களா?” என்றாள் மகள்.

“போகுதே, பாருங்க.”

சிவப்பாக ஒரு நூல். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒடுங்கிய இடத்தில் தயங்கி, பிறகு நுழைந்து போனது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவள் வயிற்றிலிருந்து கருவியை எடுக்கப் போனார்.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க” என்றேன்.

அவர் வைத்திருந்தார்.