சம்பந்திக்கு நான் கொடுத்த நூல்

நூல் வெளியீடுகளில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திச் சிறப்புப் பிரதி தருவார்கள். பணம் வைத்த உறையைக் கொடுத்துவிட்டு நாம் அதைப் பெற்று வருவோம். கல்லூரியில் படித்தவன், தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக, இருந்தவன் என்பதால் இந்த மலையில் எனக்கு அந்த அழைப்பு தவறாமல் வரும். அப்படி வந்த நூல்கள் என் அலமாரியில் நிற்கின்றன. அனைத்தையும் நான் படித்திருப்பதாக ஊர் நம்புகிறது. நானும் மறுத்ததில்லை.

என் மகளின் மாமனார் இதே மலையில், திரிங்காப்பு என்ற ஊரில் காய்கறி பயிரிடுபவர். சென்ற ஆண்டு குடலில் அறுவை நடந்து, மலம் சேர்வதற்கென வயிற்றோடு ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். அந்த இடத்திலிருந்து அவ்வப்போது காற்று ஓசையுடன் வெளியேறும், அடக்க இயலாது. இளைய மகனின் நிச்சயதார்த்தம் நெருங்கியும், சபையில் உட்கார மாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டார்.

அவரைப் பார்க்க வெறுங்கையுடன் செல்ல மனம் ஒப்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்தேன். அட்டையில் கோட்டு அணிந்த ஒருவர் மேடையில் தலைவணங்கி நின்றார். இசைக்கலைஞரின் வரலாறு என்று எண்ணிக்கொண்டேன்.

"இருமுறை படித்தேன், சம்பந்தி. படிக்கும்போது உங்கள் நினைவுதான் வந்தது," என்று சொல்லிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து மகள் அழைத்தாள். "என்ன புத்தகம்ப்பா குடுத்தீங்க? மேடையில காத்துப் பிரிச்சே பாட்டு வாசிக்கிற ஆளோட கதையாம்! பக்கத்துக்குப் பக்கம் கிண்டல். மாமா கதவைச் சாத்திக்கிட்டு அதையே படிக்கிறாரு."

மன்னிப்புக் கேட்கவே சென்றேன். வாசலிலேயே அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"வர்றவங்க எல்லாம் மழையப் பத்தியும் முட்டைக்கோசு விலையப் பத்தியும் பேசிட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் சம்மந்தி, விஷயத்த நேரா தொட்டீங்க. அந்த ஆளு டிக்கெட் போட்டு ஊரக் கூட்டினான். நான் ஓசியில ஒரு சத்தம் விட்டா என்ன லா? சபையில உட்காரத்தான் போறேன்."

உண்மையைச் சொன்னால் அந்தத் துணிவு குலைந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குலையக்கூடியது என் பெயர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தத்தன்று என்னைத் தம் அருகிலேயே அமர்த்தினார். தாம்பூலத் தட்டு மாற்றும் வேளையில் அந்த ஓசை எழுந்தது. சபை எங்கள் பக்கம் திரும்பியது. அவர் என் பக்கம் சாய்ந்து, "மந்திரி முன்னாடி அவன் மாட்டிக்கிட்டானே, அந்த இடம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கிறது," என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

மந்திரி முன் என்ன நடந்தது என்பதை இன்றுவரை அறியேன். நூல் அவரிடம் இருக்கிறது. இரவல் கேட்க எனக்கு வாயில்லை.