தறிக்கு அடியில் ஓர் அம்மி

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊரை விட்டுப் போனவன் நான். லாரி கிளீனர், பம்பாயில் மில் கேன்டீன், பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கல். எதிலும் நிலைக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் காய்ச்சலோடு ஆரணிக்குத் திரும்பி, நெசவாளர் சங்கம் ஒன்றில் பட்டு நூலைத் தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். துறைமுகத்தில் பொறுக்கிய இங்கிலீஷ் கொஞ்சம் கைவசம் இருந்தது. அதனால்தான் தான்சானியாக்காரரை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

இரண்டு அரசாங்கங்களும் பேசி, கைத்தறி கற்றுக்கொள்ள அவரை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும், நல்ல உயரம். பெரிய ஏரி ஒன்றின் கரையில் அவர் ஊர். சுற்றிலும் பருத்தி விளைகிறது. பஞ்சு பொதியாகக் கப்பலேறிப் போய், துணியாகி, விலையும் ஏறித் திரும்பி வருகிறது. ஊரில் சில பெண்கள் கையால் நூல் நூற்று ஒரு மூட்டை கட்டி அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். தங்கள் ஊரில் ஓடக்கூடிய தறியைக் கற்றுக்கொண்டு அவர் போனால் அடுத்து அந்தப் பெண்களை அனுப்புவார்கள். இல்லையென்றால் அத்தோடு சரி.

வந்த அன்றே, "பட்டுப்பூச்சி எங்கே வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். இங்கே ஏது? பட்டு கர்நாடகாவிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்றேன். அவர் நம்பவில்லை. பெங்களூர் லாரியிலிருந்து மூட்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார். "பட்டு விளையாத ஊரே பட்டால் இப்படிப் பிழைக்கும்போது, பஞ்சு விளைகிற ஊருக்கு என்ன வந்தது?" என்று கடைசியில் கேட்டார்.

பக்கத்திலிருந்த சேவூரில் எனக்குத் தெரிந்த தறிக்கார அண்ணன் வீட்டில் அவரைச் சேர்த்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் மாறிமாறிச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குக் கை சீக்கிரம் படிந்தது. எங்கள் பக்கம் குழித்தறிதான். மிதிப்பலகை குழிக்குள் இருக்கும், நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழியில் தொங்கவிட்டு மிதிப்பார். குழியை அவரவர் காலுக்கு அளவெடுத்துத்தான் தோண்டுவது வழக்கம். ஒருவர் குழி இன்னொருவருக்கு ஒத்துவராது. அண்ணன் தான்சானியாக்காரர் காலைக் கயிற்றால் அளந்து, மஞ்சள் தெளித்து, கற்பூரம் காட்டி, அவருக்கென்றே ஒரு குழி தோண்டினார். "ஊருக்குப் போயி இதே அளவுக்குத் தோண்டிக்க சொல்லுப்பா" என்று அந்தக் கயிற்றையும் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் சரியில்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் எல்லா வீட்டுக் குழியிலும் தண்ணீர் ஊறியது. தறிகள் நின்றன. அண்ணி குண்டானால் மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். "வருசா வருசம் இதே பேஜார்" என்றார். தான்சானியாக்காரர் தன் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்: அவர்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் வருஷம் முழுக்க இப்படித்தானாம்.

நான் சொன்னதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட இன்னாப்பா இது! இத்தினி நாளா வாயத் தொறக்காம இருந்துகினு!"

காலை அளந்து கற்பூரம் காட்டித் தோண்டிய குழியை வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்று தான்சானியாக்காரர் கேட்டார். தப்பு எங்கள் பேரில்தான். குழி தோண்ட முடியாத ஊர் ஒன்று இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

"சரி உடு. கீழ எறங்க முடியலன்னா தறியத் தூக்கி மேல வெப்போம்" என்றார் அண்ணன்.

கால்கள் வைத்த மரச்சட்டமும் உட்காரப் பலகையும் வேண்டும் என்று தச்சரைக் கூப்பிட்டோம். "பூமில பொதைக்காம தறியா? தொட்டிலு வேணும்னா சொல்லுங்க, ஜல்தியா செஞ்சுடலாம்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் செய்தும் கொடுத்தார்.

ஏரிக்கரைப் பெண்களின் நூலையே நீளவாட்டுப் பாவாகத் தறியில் ஏற்றினோம். மிதித்தால் சட்டம் முழுக்க ஆடியது. துணி ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் வந்தது. குழித்தறியை மண் பிடித்துக்கொள்ளும். இதைப் பிடிக்க எதுவும் இல்லை. அவர் புறப்படும் நாளோ நெருங்கிவிட்டது. மூட்டையில் நூலும் கொஞ்சம்தான் மிச்சம். தச்சர் முட்டுக்கொடுத்துப் பார்த்தார், ஆணி அடித்துப் பார்த்தார். ஆட்டம் நிற்கவில்லை.

அண்ணன் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய் அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து கீழ்ச் சட்டத்தின் மேல் வைத்தார்.

"ஏங்க, கொழம்புக்கு உங்க தலைலயா அரைக்கிறது?" என்று அண்ணி பின்னாலேயே வந்தார்.

"நாலு நாளைக்கு ரசம் வெய்யி."

"ஊரு உட்டு ஊரு வந்த தம்பிக்காவத்தான் உடறேன். உங்களுக்கோசரம் இல்ல."

தான்சானியாக்காரர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். தறி அசையவில்லை. துணி ஒரே சீராக இறங்கி வந்தது. அண்ணி விரலால் தடவிப் பார்த்துவிட்டு ரசம் வைக்கப் போனார். தான்சானியாக்காரர் குனிந்து அம்மியைப் பார்த்துச் சிரித்தார். ஏரிக்கரை முழுக்கக் கல்லாகத்தான் சிதறிக் கிடக்குமாம், இதுவரை அதை ஊரில் எல்லோரும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

சட்டத்தின் அளவுகளையும், குறுக்கு நூலை ஓட்டும் நாடாவையும் எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். மரச்சட்டம் அம்மியோடு அண்ணன் வீட்டிலேயே நின்றது. அடுத்த மழைக்குத் தெருவே ஓய்ந்து கிடக்க, அந்த ஒரு வீட்டில் மட்டும் தறிச் சத்தம் கேட்டது. அண்ணி பலகை மேலே உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டுமென்று தச்சரிடம் சொல்லிவைத்தார்கள். மேலே வைக்கும் யோசனையே தன்னுடையதுதான் என்று தச்சர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கடுத்த வருஷம் நான் வேறெங்காவது போகலாமென்று பையைக் கட்டி வைத்திருந்தபோது சங்கத்தில் கூப்பிட்டார்கள். அதே ஏரிக்கரையிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பையை அவிழ்த்துவிட்டு அவர்களைச் சேவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் இருவரும் தறியையும் பார்க்கவில்லை, அதிலிருந்த சேலையையும் பார்க்கவில்லை. குனிந்து அடியில் பார்த்தார்கள். அம்மியைக் கண்டதும் ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னாவாம்?" என்றார் அண்ணி.

"அவங்க ஊர்லயும் தறிக்குக் கீழ கல்லுதானாம், அண்ணி."

"அப்ப அவங்க வூட்லயும் ரசந்தான்னு சொல்லு" என்று அவர்கள் உட்காரப் பலகையைத் துடைத்துப் போட்டார்.