பட்டியலில் அம்மா

விரலில் மை இல்லாமல், வாக்குச்சாவடியிலிருந்து திருமழிசைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஊரில் இல்லாதவர்களின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டிருந்தது. சரிபார்க்க வந்தவரிடம், நான் ஓசூரில் மூட்டை தூக்குவதை அக்கா உள்ளபடி சொல்லிவிட்டாள். அதற்கு முன்பே இறந்துபோயிருந்த அம்மாவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "உள்ள படுத்துகினு கீது" என்றாளாம்.

சாவடியில் பட்டியல் பார்த்தவர் சிரித்தார். "உன் பேர் இல்லியே அண்ணாத்தே. உங்கம்மாவ வேணா இட்டுகினு வா, அது பேர் கீது."

பட்டியலில் அச்சிட்டிருந்த சின்னப் படத்திலிருந்து அம்மா என்னையே பார்த்தாள்.

சாலையில் எனக்குப் பின்னால் காலடி கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு அம்மாதான் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஓசூருக்குத் திரும்பாமல், ஊரிலேயே சுவர்களில் எழுதிய கட்சிச் சின்னங்களின்மேல் வெள்ளையடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.