பட்டியலில் முதல் பெயர்

நான் பெங்களூரில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் விற்ற காலத்தில், கேட்பவர்கள் பெருகப் பெருக, கம்பெனி வண்டிகளைக் குறைத்தே அனுப்பியது. யாருக்குக் கொடுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்தது.

நகரியில் விசைத்தறி வைத்திருந்த என் பள்ளித் தோழன் மூன்று வருடம் காத்திருந்தான். "லிஸ்ட்ல நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றியாடா?" என்றான். அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாரும் துணிவதில்லை. நான் குளத்தில் மூழ்கி எழுந்து செய்தேன். தறிக்காரருக்கு வேண்டாம் என்று மேலிடம் சொன்னதால், முந்தின வாரமே அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்திருந்தேன்.

அவனுக்கு வரவேண்டிய வண்டியை வேறொருவர் திருமலைக்கு ஓட்டிப் போவதைப் பார்த்துவிட்டு அவன் போன் செய்தான். "கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்டா. நீ மனசு ஒடஞ்சிக்கினு இருக்காத."

சரி என்றேன். அவன் இறந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.