என் மேல் ஒட்டாத கரண்டும் அவள் குடித்த மருந்தும்

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஞாபகமும் முன்னைப் போல இல்லை. முன்னே நடந்தது பின்னே வந்து நிற்கும். ஆனால் என் நாத்தனார் எனக்குச் செய்தது மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் மறந்து போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து எனக்கு நோய் வந்தது. எந்த இடத்தில் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெண்களுக்கு வருவது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஓர் அறையில் என்னைத் தனியாகப் படுக்க வைத்து, கனத்த கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். வலி இல்லை, சூடு இல்லை. அவர்கள் அப்படி விலகி ஓடுவதுதான் எனக்குப் பயம்.

மிஷின் பார்க்கிற பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, இது உடம்புலயே தங்கிருமா?"

அவள் சிரித்துவிட்டாள். "மிஷினுக்குள்ள கோபால்ட்னு ஒரு உலோகம் இருக்கும்மா. அதோட அணு தானாவே வேற ஒண்ணா மாறிக்கிட்டே இருக்கும். மாறும்போது கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும். அதுதான் நோயைக் கொல்லுது. மூடிட்டா அம்புட்டுதான். உங்க மேல டார்ச் அடிச்சு அணைச்சா, சேலையில வெளிச்சம் ஒட்டிக்கிட்டா இருக்கும்?"

அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை எனக்கு. அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். நடக்கும்போது துணி உரசி உடம்பில் ஏறி நிற்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் விரல் நுனியில் பொறி தட்டும். ஒரு பொறி போதும். எங்கள் போர்மேன் புது ஆட்களிடம் சொல்லுவார்: "வெடிமருந்து எரிஞ்சா காத்தா மாறும். விரல் தண்டி குழாய்க்குள்ள ஒரு ரூம் காத்து அடைபட்டா என்ன செய்யும்? தாளக் கிழிச்சுக்கிட்டு வரும். அதான் வெடி. தாள லூசா சுத்துனா புஸ்ஸுனு போயிரும்."

உடம்பு தேறி நான் வேலைக்குப் போனபோது சீசன் தொடங்கியிருந்தது. ஊரில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சாகப் போகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என் இடத்தில் போய் உட்கார்ந்து சரம் பின்னினால்தான் நான் பிழைத்துவிட்டேன் என்று நம்புவார்கள் என நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் இடம்தான்.

தகட்டில் கை வைக்கப் போனேன். போர்மேன் மறித்தார்.

"நில்லுங்கக்கா. உரசி ஏறுனது தகட்டுல இறங்கும். ஆஸ்பத்திரியில எலும்பு வரைக்கும் ஏத்திவிட்டது இறங்குமா? நீங்க உள்ள வந்தா மருந்து பிடிச்சுக்கிடும்னு சொல்றாக."

"யார் சொன்னது?"

அவர் உள்ளே பார்த்தார். என் இடத்தில் என் நாத்தனார் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "தப்பா நினைக்காதீக மதினி. இங்கன இருக்கிற உசுரையும் பாக்கணும்ல."

பக்கத்தில் இருந்தவள், "யக்கா வீட்ல இனிமே தீப்பெட்டியே வேண்டாம்" என்றாள். அறையே சிரித்தது.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எங்களை இறக்கிவிட்டுக் கம்பெனி வேன் போய்விட்டதால் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு நாத்தனார் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. தன் பிள்ளைகளையும் என் பக்கம் விடவில்லை. வெடிக்குத் தாள் சுற்றுவது போல என்னையும் என் வாயையும் இறுக்கிச் சுற்றி வைத்தாள்.

பிறகு அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்த பிறகும் ஒரு மருந்து குடிக்க வேண்டும் என்றார்கள். "ஆஸ்பத்திரி உனக்குத்தான தெரியும், கூடப் போ" என்றார் என் வீட்டுக்காரர். போனேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் போனேன்.

அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். எனக்கும் கரண்ட் வைத்ததை நர்ஸிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது அவள் என்னிடம் சொன்னாள். "உங்களுக்கு வச்சது வெளிய இருந்து வந்த ஒளி. இவங்க குடிச்சது ஒளி விடுற அயோடின். அது உள்ள போய் உக்காந்திருக்கு. எட்டு நாளைக்கு ஒருக்கப் பாதியாகும், அப்புறம் அதுல பாதியாகும். ஒண்ணுக்கு வழியாவும் போயிரும். கொஞ்ச நாளைக்குப் பிள்ளைக கிட்டயும் மாசமா இருக்கவங்க கிட்டயும் ஒட்டி உக்கார வேண்டாம்."

எனக்கு வயிறு குளிர்ந்தது.

பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து நாத்தனார் கெஞ்சினாள். "மதினி, ஊர்ல சொல்லிராதீக. காய்ச்சல்னு சொல்லிக்கிடுறேன்." நான் பதில் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நர்ஸ் சொன்ன அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் ஒரு காலையில், எங்கள் தெருவுக்கு வந்த கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆர்டர் நெருக்கும் நேரம், இடம் போய்விடுமே என்று பயம். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்திருந்தாள். அவளை ஒட்டி, மாசமாக இருக்கிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்காகப் பேசினேன் என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். அவளை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்த போர்மேனைக் கூப்பிட்டேன். "இவளுக்குக் காய்ச்சல் இல்ல. கரண்ட் மருந்து குடிச்சிருக்கா. எனக்கு டார்ச் அடிச்சு அணைச்சாக. இவ டார்ச்சையே முழுங்கிட்டு வந்திருக்கா. உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

"நெசமாவா?"

"அவ கழுத்தப் பாருங்க."

தலைப்பை யாரோ விலக்கினார்கள். தையல் தெரிந்தது. வேனில் பாதிப் பேர் குதித்து இறங்கினார்கள். அன்றைக்குத் தீப்பெட்டியே வேண்டாம் என்றவள்தான் முதலில் குதித்தாள்.

நாத்தனார் கடைசியாக இறங்கி என் எதிரில் நின்றாள். "மனசு ஆறிருச்சா மதினி?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அவள் இருந்த இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். போர்மேன் மறிக்கவில்லை. அன்றைக்குத் தகட்டில் கை வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

சில மாதம் கழித்துப் போர்மேன் என்னிடம் கேட்டார். "அது இன்னும் அவுக உடம்புல இருக்குமாக்கா?" பாதி பாதியாகக் குறைந்து இந்நேரம் ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே இருந்தாலும் வெடிமருந்தை அது பற்ற வைக்காது என்றும் தெரியும். "எனக்கு என்ன தெரியும், அஞ்சாப்புப் படிச்சவ" என்றேன். அவளை அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அந்த மருந்து எட்டு நாளில்தான் பாதியாகுமா, வேனில் ஒட்டி உட்கார்ந்ததில் மாசமான பெண்ணுக்கு உண்மையிலேயே கெடுதலா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னது சரியென்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று இன்னொரு தரம் சொல்லுவேன். தப்பென்றால் என் காதோடு சொல்லுங்கள், போதும். அவளுக்குத் தெரிய வேண்டாம்.