சனிக் கிரகத்து நிலாவில் மூன்று ஆறுகள்

போளூரில் பேருந்து ஏறியபோது பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். ஒல்லியானவர். மடியில் லேப்டாப். ஒவ்வொரு முறை பார்ப்பதற்கு முன்பும் அதன் திரையைக் கைக்குட்டையால் துடைத்தார். நான் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டு அவரே பேசினார்.

"சனிக் கிரகத்தோட நிலாங்க. சுத்தியும் புகைமூட்டம், கேமராவுல தரை தெரியாது. விண்கலத்துல இருந்து ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சு எடுத்த படம். கரடுமுரடான இடம் வெளுப்பா வரும், வழவழன்னு இருந்தா கறுப்பு. இந்த மூணு கறுப்புக் கோடும் ஆறுங்க. ரெண்டு வருஷமா இதைத்தான் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதிகினு இருக்கேன். நாளைக்கு அனுப்பணும்."

நான் பட்டு நெய்கிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. புது ஆட்களிடம் பேச மாட்டேன். அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"சார், மூணு கோடும் ஒரே அளவு தள்ளித் தள்ளி இருக்கு. சேலையில இப்படி விழுந்தா நாங்க நூலைக் குத்தம் சொல்ல மாட்டோம். தறியிலதான் கோளாறுன்னு பார்ப்போம்."

அவர் பயணச்சீட்டைத் திரையில் வைத்து இடைவெளிகளை அளந்தார். சமமாக இருந்தன. களம்பூர் தாண்டும் வரை திரும்பத் திரும்ப அளந்தார். பிறகு கேட்டார்.

"ஆறு இல்லீங்க, ரேடார் போட்ட கோடு. யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

"என்னை யாரு சார் கேக்கப் போறாங்க."

ஆரணியில் இறங்கும்போது, "நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்ன சொன்னீங்க" என்று கைகொடுத்தார். முகத்தைப் பார்த்தால் நல்லவேளையாகத் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், ஆரணி வரைக்குமாவது அந்த மூன்று ஆறுகளும் அவரிடம் இருந்திருக்கும்.