தொண்டை அடைத்த இடைத்தேர்தல்

ஐம்பத்திரண்டு வயதில் சரித்திரப் பரீட்சைக்குப் போகிறவனுக்கு முதலில் முழங்கால் வலிக்கும், பிறகுதான் பயம் வரும். ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் ஊரின் முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருடமாக ஆட்களைத் தூக்கித் திருப்பிக் குளிப்பாட்டிய முழங்கால். தாதிப் படிப்புக்கு இடம் வேண்டுமென்றால் விட்ட பாடங்களை முடித்துக்கொண்டு வா என்றார்கள். எல்லாம் எப்படியோ தேறிவிட்டன. மிச்சம் சரித்திரம், அதுவும் வாய்மொழியில்.

"இஞ்சேருங்கோ, அங்கை போய்ப் பகிடி விட்டுக்கொண்டு இராதேங்கோ" என்றாள் மனைவி.

"பகிடி வாறதுக்கு முதல்ல நாக்கு ஈரமா இருக்கவேணுமே."

பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு பக்கம் என் ஆசிரியை, பக்கத்தில் விபோர்க் நகரிலிருந்து வந்த தாடிக்காரப் பரீட்சகர். கவிழ்த்து வைத்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தேன். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரித்தானியாவில் நடந்த ஓர் இடைத்தேர்தல். 'இது வராது' என்று சோறு தின்றபடி மேய்ந்த ஒரே பாடம்.

அதில் ஒன்று மட்டும் மனதில் நின்றிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஒருவரை அமைச்சராக்கினால், அவர் தன் பாராளுமன்ற இடத்தை விட்டுவிட்டு, மறுபடி ஊர்ச்சனத்திடம் வாக்குக் கேட்டு வெல்லவேண்டும். இதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. அதோடு கடையைப் பூட்டிவிட்டேன்.

பரீட்சகர் விடவில்லை. "அந்தத் தேர்தலில் பெண்கள் தெருவெல்லாம் கூட்டம் போட்டார்களே, அவர்களுக்கு என்ன குறை?"

படித்த ஞாபகமே இல்லை. நெஞ்சு அடித்த அடியில் தொண்டையும் அடைத்துக்கொண்டது. தண்ணீரை எடுத்தேன். பாதி பச்சைத் துணிக்குப் போனது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, காற்றாக வந்த இரண்டு சொல்லில் மன்றாடினேன்: "இங்கன் ஸ்டெம்ம." குரல் இல்லை ஐயா, விட்டுவிடுங்கள் என்பதுதான் அர்த்தம்.

டேனிஷில் குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்.

"அதேதான்!" பரீட்சகர் இருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "பெண்களுக்கு வாக்கில்லை. அதனால்தான் தெருவில் குரல் கொடுத்தார்கள்."

ஒரு வருடமாக என்னைத் தெரிந்த ஆசிரியை என் தொண்டையைப் பார்த்தார், நனைந்த துணியைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத்தான் குரலில்லையே.

ஆகக் குறைந்த தேர்ச்சிப் புள்ளி கிடைத்தது. பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"பாஸோ?"

"ஓம்" என்று கரகரத்தேன்.

"குரலுக்கு என்ன நடந்தது?"

"வாக்காப் போட்டிட்டன்."

"பகிடி விடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!"

இனித் தாதிப் படிப்பு, மூன்றரை வருடம். பதவி கிடைத்த கையோடு மறுபடி படியேறி வாக்குக் கேட்கப் போன அந்த அமைச்சரை நினைத்தேன். பாவம், அவருக்கும் முழங்கால் இருந்திருக்கும்.

பஸ் வந்தது. எழும்ப மனம் வந்தது, கால் வரவில்லை. அடுத்ததில் போனேன்.